தண்ணீர்க் கணக்கு

தண்ணீர் விற்கிறவளிடம் எதையும் மறைக்க முடியாது.
பிள்ளை பிறந்தால் இரண்டு கேன் கூடும்.
மருமகள் கோபித்துக்கொண்டு போனால் ஒன்று குறையும்.
இந்தக் குன்றுக்குக் குழாய் ஏறவில்லை.
கீழே புகைக்குள் உலான்பாத்தர்,
மேலே கம்பளிக் கூடாரங்களில் நாங்கள்.
என் சன்னல் ஒரு முழம்.
உள்ளே நீளும் கையுறையைப் பார்த்தே
ஆளைச் சொல்லிவிடுவேன்.

குலான், பன்னிரண்டு வயது, இடது கட்டைவிரலில் ஓட்டை.
அக்டோபரில் கைவண்டியில் இரண்டு கேன்.
நவம்பரில் ஒன்று.
அப்புறம் ஒருநாள் ஐந்து லிட்டர் எண்ணெய்ப் புட்டி;
அதிலும் முக்கால் போதும் என்றாள்.
"அம்மா எங்கே?"
"தூங்குகிறாள்."

பதினோரு நாள் அந்தத் தூக்கத்தை நம்பினேன்.
நம்பினேன் என்பதே பொய்.
என் மூட்டுவலி, என் மகனின் கடன்,
சன்னலைச் சாத்தினால் ஊர் வெளியே.

பன்னிரண்டாம் நாள் போனேன்.
அடுப்பில் செருப்பு எரிந்துகொண்டிருந்தது.
அம்மா காசநோய் ஆஸ்பத்திரியில்.
தம்பிகள் இருவரும் ஒரே கோட்டுக்குள்,
சின்னவன் எனெரெலின் தலை மட்டும் வெளியே.
குலான் பசி என்று சொல்லவில்லை.
"வெள்ளை வண்டி வருமா?
மூன்று பேரையும் மூன்று இடத்தில் விடுவார்களா?"
என்றுதான் கேட்டாள்.

வட்டார அலுவலகத்து நரங்குவாவிடம்
வண்டியை அடிவாரத்திலேயே நிறுத்தச் சொன்னேன்.
பனியில் வழுக்கி வழுக்கி நடந்தே வந்தாள்.
அடுப்பைப் பார்த்தாள், புகைப்போக்கியைத் தட்டினாள்,
நெடுநேரம் எழுதினாள்.
ராத்திரிக்கு ஒரு பெரியவர் இங்கே படுக்க வேண்டும்,
ஒரு ராத்திரிகூடத் தப்பக்கூடாது,
அப்படியென்றால் பிள்ளைகள் இங்கேயே இருக்கலாம்.

ஏழு ராத்திரி. ஏழு ஆள்.
கேட்பதற்குச் சுலபம்.
தோல்கோர் ஒப்புக்கொண்டாள், குறட்டையோடு.
பஸ் ஓட்டும் லுவ்சான் இரண்டு நாள் எடுத்துக்கொண்டான்.
ஒருவர் நிலக்கரி மூட்டை கொடுத்து
மூட்டையைவிடக் கனமாக அதை ஊரெல்லாம் சுமந்து சொன்னார்.
ஒருத்தி முகத்துக்கு நேரே,
"நோய் என் பிள்ளைக்கு ஒட்டினால்?" என்றாள்.
அவளை நான் திட்டவில்லை.
அவள் வீட்டிலும் ஒரு சின்னக் கையுறை உண்டு.
மறுநாள் வேலியோரம் ஒரு பானை வைத்துவிட்டுப் போனாள்,
மூடியின்மேல் கல்லோடு.

ஜனவரியில் ஒரு ராத்திரி யாரும் போகவில்லை.
தோல்கோர் முறை என்று லுவ்சான் நினைத்தான்,
லுவ்சான் முறை என்று தோல்கோர்.
மைனஸ் முப்பத்தாறு.
விடியும்வரை அடுப்பைக் காத்தவள்
பள்ளியில் மேசைமேல் சாய்ந்து தூங்கினாளாம்.
யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.
அதற்குப் பிறகுதான்
என் சன்னல் கண்ணாடியில் பெயர்களை எழுதி ஒட்டினோம்,
தண்ணீருக்கு வரும் எல்லார் கண்ணிலும் படும்படி.

மே மாதம் அம்மா திரும்பினாள்,
சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது.
அடுத்த வாரம் குலான்
ஒரு நோட்டைச் சன்னலுக்குள் நீட்டினாள்.
தேதி, லிட்டர், கொண்டுவந்தவர் பெயர்.
நூற்று நாற்பத்து மூன்று கேன்.
கல் வைத்த பானைகூட இருந்தது,
பெயருக்கு நேரே: தெரியாதவர்.
நோட்டின்மேல் கசங்கிய துக்ரிக் தாள்கள்,
ஒரு கேனுக்குச் சரியாக.

வேண்டாம் கண்ணே என்று சொல்லியிருக்கலாம்.
நாக்கு நுனிவரை வந்தது.
ஆனால் அவள் எவ்வளவு நேராக நின்றாள் தெரியுமா?
தாள்களை எண்ணி வாங்கினேன்.
முதல் வரியில் 'வரவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு கேன் கூடுதலாக இருந்தது;
திருத்தினேன். முறைத்தாள்,
பிறகு தலையாட்டினாள்.

போகத் திரும்பியவள் நின்றாள்.
"நீல வேலி வீட்டுப் பையன்
மூன்று நாளாக வரவில்லை. கவனித்தீர்களா?"

நான் கவனித்திருக்கவில்லை.

சன்னலைச் சாத்தினேன், இந்தத் தடவை
வெளியே நின்றுகொண்டு.